விளாத்திமோட்டை: பெண் 1

விவாகப் பதிவில் மாப்பிள்ளைக்குத்
தகப்பன் இருக்கிறார், தொழில் இருக்கிறது,
தகப்பனின் தொழிலும் இருக்கிறது.
பூதாத்தைக்கு ஒரு கோடு.
பதிவுகாரர் மை தொட்டு
ஒரே இழுப்பில் இழுத்தது.
பிறந்த இடம் விளாத்திமோட்டை.
வயது இருபது. வருசம் தொள்ளாயிரத்து ஒன்பது.

பூதாத்தை என் பூட்டி.
காணிப் படிவம் ஏழாம் பக்கத்தில்
பரம்பரை கேட்கிறது.
அந்தக் கோட்டையே பார்த்து எழுதலாமா என்றால்
கந்தோரில் சிரிப்பார்கள்.
நானும் அதே கந்தோர்தான்.

இரண்டு நாள் லீவு போட்டுக் கொழும்புக்குப் போய்ப்
பழைய குடிசன மதிப்பைத் திறந்தேன்.
பேர்கள் இருக்கும் என்று நினைத்துப் போனவள் நான்.
வீடு வீடாய் எழுதிய தாள்கள் இல்லை என்றார்
அலுமாரித் திறப்பை விரலில் சுற்றியபடி ஒருவர்.
மிஞ்சியது கூட்டுத்தொகை.

எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று:
விளாத்திமோட்டை. வீடு 6. ஆண் 17. பெண் 11.

அந்தப் பதினொன்றில் ஒன்று
இரண்டு வயதுப் பூதாத்தை.
மிச்சம் பத்தில் கிழவிகளைக் கழி,
குமருகளைக் கழி, குஞ்சுகளைக் கழி,
மூன்றோ நாலோ பேர் நிற்பார்கள்
ஈரக் கையைச் சீலையில் துடைத்தபடி.
அதில் ஒருத்தி.

தொள்ளாயிரத்து ஒன்று:
வீடு 2. ஆண் 3. பெண் 1.

அச்சுப் பிழையோ என்று
வரியை விரலால் பிடித்துக்கொண்டு திரும்பப் பார்த்தேன்.
மேலே உள்ள ஊரும் கீழே உள்ள ஊரும்
சுருங்கித்தான் கிடந்தன.
பத்து வருசக் காய்ச்சலை
ஒரு கழித்தல் கணக்கில் எழுதிவிடலாம்.

யார் அந்த ஒன்று?
பூதாத்தை என்றால், பன்னிரண்டு வயது.
தாய் அதற்குள் இல்லை.
மூன்று ஆண்களுக்கும் உலை வைத்தவள் அவள்.
தாய் என்றால்,
பிள்ளையை எந்த ஊருக்கு அனுப்பினாள்,
யார் வீட்டில் மாடு சாய்க்க,
எத்தனை மரைக்கால் நெல்லுக்கு?
ஓர் எண்ணுக்குள் இரண்டு பேர் நிற்க ஏலாது.

தொள்ளாயிரத்துப் பதினொன்றில்
அந்த வரியே இல்லை.

எண்ணுவது எப்படி என்று எனக்குத் தெரியும்.
நானும் எண்ணியிருக்கிறேன்,
மீளக் குடியேறிய கையோடு,
முத்தையன்கட்டுப் பக்கம்,
தகரக் கொட்டில் கொட்டிலாக,
கழுத்தில் அட்டையும் கையில் பென்சிலுமாய்.
வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.
தருமகுலம் என்ற மனிசன் ஐந்து என்றார்.
பிறகு விரலை மடக்கத் தொடங்கி
இரண்டில் நின்றுவிட்டார்.
“மிச்சத்தையும் எழுதலாமோ, தங்கச்சி?”

நேற்றிரவு இங்கே படுத்தவர்கள் மட்டும்.
அதுதான் விதி.
இரண்டு போட்டேன்.
ஓரத்தில் மூன்று பேரைப் பென்சிலால் எழுதி வைத்தேன்.
மேற்பார்வையாளர் அழித்தார்,
தாள் கிழியாமல், ஊதி ஊதி,
நல்ல மனிசன்தான்.

ஆகையால்
காடு கடந்து, யானைக்குப் பயந்து,
பொழுது படமுதல் திரும்ப வேண்டிய அவசரத்தில்
விளாத்திமோட்டையை எண்ணியவனை
நான் ஒன்றும் சொல்லேன்.
அவனுடைய தாளுக்கும் ஓரம் இருந்திருக்கும்.

ஏழாம் பக்கத்தில் எழுதினேன்:
தகப்பன், பதினேழில் ஒருவர்.
தாய், பதினொன்றில் ஒருத்தி.
திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும்.

கீழே இன்னும் இடம் கிடந்தது.
பேனை சும்மா நிற்கவில்லை,
தருமகுலத்தின் மூன்று பேரையும் கேட்டது.
மனைவி தவநிதி.
மூத்தவன் இளம்பரிதி.
கடைசிப் பெட்டையின் பேர்
‘ச’வில் தொடங்கும், அல்லது ‘சா’வில்.
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.
கோடு போடக் கை போனது.

ஒட்டுசுட்டானால் போகிற முதல் பஸ்
காலை ஆறரைக்கு.