இரண்டு முதல் எட்டு வரை

புயல் கடந்த மூன்றாம் நாள்.
திருத்துறைப்பூண்டியில் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டருக்கு இருந்த டீசல்
தியேட்டருக்கு மட்டும்.
என் மருந்தகத்து ஃபிரிட்ஜ்
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி
வாய் திறக்காமல் நின்றது.

காலையில் ஒன்பது டிகிரி. மதியம் பதிமூன்று.
பதிவேட்டில் எட்டு வரைதான் கட்டம்.
பதிமூன்றை ஓரத்தில் எழுதினேன்.

ஆக்சிடோசின், சுண்டுவிரல் உயரக் குப்பி.
சூட்டில் கிடந்தாலும் நிறம் மாறாது, நுரைக்காது.
பால் கெட்டால் தெரியும், மாவு புளித்தால் தெரியும்,
இது கெட்டால்
ஒருத்தியின் கர்ப்பப்பைதான் சொல்ல வேண்டும்.

முத்துப்பேட்டை ஜெய்லானி இறாலுக்கு ஐஸ் உடைப்பவன்.
விழுந்த தென்னைகளைச் சுற்றிச் சுற்றி
சாக்கில் கட்டிக் கொண்டுவந்தான்.
கிளம்பும்போது முழுக்கட்டி, வந்தபோது பாதி.
காசை நீட்டினேன்.
"இறாலுன்னா பேரம் பேசுவேன் சார்" என்று
வண்டியை உதைத்தான்.

உறைந்தாலும் போச்சு.
என் துண்டைக் கிழித்துச் சுற்றி
நடுவில் வைத்தேன் பன்னிரண்டு குப்பிகளை.

இரவு பதினொன்றே முக்கால். தையல்நாயகி.
இரண்டாவது சிசேரியன்.
புருஷன் ஒப்பந்தக் கூலி,
வேதாரண்யம் பக்கம் எங்கோ
மின்கம்பம் நட்டுக்கொண்டிருந்தான்.

தியேட்டர் கதவோரம் பெட்டியோடு நின்றேன்.
பிள்ளை அழுதது. எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு அதன் பிறகுதான் வயிறு கலங்கும்.

"இறுகலை."
டாக்டர் மங்கையர்க்கரசியின் குரல்.
"பிசைஞ்சுகிட்டே இருங்க. பிரஷர்?"
"நூத்தி அறுபது."
"அப்ப மெத்தர்ஜின் வேணாம். இழுப்பு உண்டா?"
யாரோ வெளியே ஓடினார்கள்.
தாயார் சொன்னாள்:
"மழைக்காலத்துல வரும்மா."
கார்போப்ரோஸ்டும் இல்லை என்றாயிற்று.

மிச்சம் இரண்டு.
சூடு தாங்கும் ட்ரானெக்சாமிக், பத்து நிமிடம், மெதுவாக.
அப்புறம் என் பெட்டியில் இருந்தது.

எங்கள் ஊரில் எதையும் ஆற்றை வைத்தே சொல்வார்கள்,
மடை என்பார்கள், உடைப்பு என்பார்கள்.
நான் சொல்ல மாட்டேன்.
நனைந்த துணிகளைத் தராசில் போட்டார்கள்.
அறுநூறு. எண்ணூற்று ஐம்பது. ஆயிரத்து நூறு.

அதன்பின் வெகுநேரம்
யாரும் எண் சொல்லவில்லை.

"இறுகுது" என்றாள் நர்ஸ் ஆரோக்கியசெல்வி,
மாங்காயை அமுக்கிப் பார்ப்பவள் போல.

பெட்டியைத் திறந்து கணக்கெடுத்தேன்.
செலவு நான்கு, இருப்பு எட்டு.
டிகிரி ஏழு.
கட்டத்துக்குள் எழுதினேன்.

மறுமாதம் தணிக்கைக்கு வந்தவர்
பெட்டியை முகர்ந்துவிட்டுக் கேட்டார்,
மருந்துப் பெட்டியில் ஏன் இறால் வாடை?
விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.
இன்னும் எழுதவில்லை.