முற்றத்தில் ஒரு வட்டம்

முஹர்ரக்கில் பழைய முத்து வியாபாரி வீடொன்றில்
வரைபடங்களைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள்.
ஏழாவது சட்டத்தில் என் கை.
கையொப்பம் அல்ல, எண்கள்.
ஏழுக்கு இடுப்பில் கோடு போடும் பழக்கம்
இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

குதைபியா, எண்பத்து மூன்று.
ஜன்னல் ஏசி ஒழுகும் அறையில்
நானும் சூசைமாணிக்கமும்.
மூடியைத் திறந்தால் அம்மோனியா கண்ணைக் கரிக்கும்.
உருளைக்கடியிலிருந்து ஈரமாய், ஊதாவாய் வெளிவரும்
நான்கு மாடி, இருபது குடியிருப்பு.
டிரேசிங் தாளில் தப்பிய சுவரைச்
சவர பிளேடால் சுரண்டி நகத்தால் தேய்ப்போம்.
ஒரு சுவரை அகற்ற அரை நிமிடம்.
கட்டுகிறவர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.

அன்று சூசை சுலைமானி கிளாஸை
பிரதியின் முற்றத்தில் வைத்தான்.
எடுத்தபோது வட்டம்.
"காய்ந்தால் தெரியாது."
தளத்துக்குப் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து ஃபோர்மேன்
போனில் கேட்டது ஒன்றுதான்:
நீரூற்றுக்கு ஆழம் எவ்வளவு?

ஹலீம் சாரிடம் யார் சொல்வது?
சூசை என்னைப் பார்த்தான். நான் ஸ்கேலைப் பார்த்தேன்.
"நாற்பத்தைந்து சென்டிமீட்டர்" என்றேன்.

கட்டினார்கள். தண்ணீரும் வந்தது.
வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் குதித்தன,
யாரோ ஜமுக்காளம் அலசினார்கள்,
அர்பாப் வந்து பார்த்து ஹலீம் சாரைக் கட்டிக்கொண்டார்.
அவர் தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்தார்,
ஒரு மாதிரியாக.
பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை.

அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.
சூசை தம்மாமில், மகனோடு. போன் எடுப்பதில்லை.

கழுத்தில் அட்டை தொங்கும் பெண்
ஒரு கூட்டத்துக்கு விளக்குகிறாள்:
"மற்ற கோடெல்லாம் அளவுகோலுக்குக் கட்டுப்பட்டவை.
இதை மட்டும் பாருங்கள்.
கருவியில்லாமல், ஒரே மூச்சில், பழுப்பு மையில்."
எல்லோரும் குனிகிறார்கள். நானும்.

அழகாய்த்தான் இருக்கிறது.
ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து,
மூடாமலே போய்விடுமோ என்னும் இடத்தில்
ஒரு துளியால் மூடுகிறது.
இருபது வருடம் காம்பஸ் பிடித்த கை
இப்படி ஒன்று போட்டதில்லை.

வாய் வரை வந்தது.
"நீரூற்றின் ஆழம் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.
"ஆவணத்தில் இல்லையே" என்றாள்.
"நாற்பத்தைந்து."
குறித்துக்கொண்டாள்.

வாசலில் தேநீர் கொடுத்தார்கள்.
காகிதக் கோப்பை.
அடியில் ஈரமே இல்லை.