கதவோரம் ஒரு நாற்காலி

காலை ஆறே முக்கால். அத்லோன், ஆற்றங்கரை ஹோட்டல்.
அயர்லாந்து முழுவதும் நனைந்தபடி வந்து இறங்குகிறது.
உடை மாற்றும் அறை என்று தாள் ஒட்டிய கதவு.
எனக்கு ஒரு மஞ்சள் மேலங்கி, ஒரு பெயர்ப் பட்டியல்,
கால் ஆடும் ஒரு நாற்காலி.

உள்ளே நாற்பது சிறுமிகள்.
சுருள் சுருளாய்ப் பொய்முடி,
வெள்ளைக் காலுறை நழுவாதிருக்கப் பசை,
யாரோ அழுகிறாள், யாரோ வாழைப்பழம் தின்கிறாள்.

ஃபின்டன் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன், மனைவி இல்லை.
ஆண்களுக்கு அனுமதி இல்லை என்றதும் கோபிக்கவில்லை.
மகளை வெளியே அழைத்து
நடைவழிக் கம்பளத்தில் மண்டியிட்டான்,
இரவுப் பணி இன்னும் கலையாத கண்களோடு.
வாயில் நாலு ஊசி கடித்திருந்ததால்
'வலிக்குதா?' என்றது
'வயிக்குதா?' என்று விழுந்தது.
அவள் சிரித்ததில் பொய்முடி சாய்ந்தது.
மறுபடி முதலிலிருந்து.

ஓர் அம்மா தூணுக்குப் பின்னால் நிற்கிறாள்.
அவள் பார்த்தால் மகளுக்குக் கால் தடுமாறுமாம்.
பார்க்காமல் இருப்பதற்காகவே
நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறாள்.

பதினொன்றரைக்கு மாலக்கி வந்தார்.
பாதி மாவட்டத்துக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர்.
கையில் ஒரு ஜோடிக் காலணிக் கயிறு:
உள்ளே ஒரு பிள்ளைக்கு அறுந்துவிட்டதாம்.
நல்ல மனிதர். இதை நான் சொல்லியாக வேண்டும்.
என் கல்யாணத்தில் மேசை மீது ஏறி ஆடியவர்.
'கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்.'
'என்னைத் தெரியாதா, பிரீடா?'
'தெரியும்.'
மேலே என்ன சொல்ல?
நாற்காலியை அரை அடி நகர்த்திப் போட்டேன்.

எண்பத்தேழில், வேறு ஊரில்,
இதே பச்சை நிறத்தில் ஒரு கதவு.
நாற்காலி இல்லை.
அந்த ஆளையும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
அம்மா கூடத்தின் மறுகோடியில்
தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், கூரை நிதிக்காக.
அவளைக் குறை சொல்லவில்லை.
சர்க்கரை எத்தனை என்று
ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலக்கி கயிற்றை நீட்டினார்.
காது மடல் சிவந்திருந்தது.
மாலை வரை என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பாவிட்டால் போகிறது.

சுவருக்கு அப்பால் கட்டைக் காலணிகள்
தகரத்தில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல்.
எனக்கு மூத்திரம் முட்டுகிறது,
மாற்று ஆள் இன்னும் வரவில்லை.

நாலு மணிக்குப் பார்க்கிறேன்,
ஃபின்டன் கம்பளத்திலேயே தூங்கிப்போயிருக்கிறான்.
மூடிய கையில் மிச்ச ஊசிகள்.
மகள் பக்கத்தில் உட்கார்ந்து
அவன் தோளில் சாயாமல், எழுப்பாமல்,
காலுறையின் பசையை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

எத்தனாவது இடம் என்று நான் கேட்கவில்லை.
பட்டியலில் அவள் பெயரைத் தேடி
'யாருடன் வெளியேறினாள்' என்ற கட்டத்தில்
அப்பா என்று எழுதினேன்.
இன்னும் முப்பத்தொன்பது பேர்.