வில்லங்கம்

பகலெல்லாம் வில்லங்கம் தேடுகிறேன்,
புரசைவாக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில்,
முப்பது வருஷம் பின்னோக்கி:
எந்த மனை யாரிடம் அடமானம், எந்தப் பொதுச்சுவர் எவருக்கு.
அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு வில் கிடப்பதை
சர்வர் படுத்துவிட்ட ஒரு மத்தியானம் பார்த்தேன்.
மறுநாள் லீவு போட்டேன்.

"பந்தலுக்கா, சாரத்துக்கா?" என்றார்
மூங்கில் கடை எத்திராஜுலு.
வில்லு செய்ய, என்றேன்.
"விக்கவா?"
இல்லைங்க, எய்ய.
என் கண்ணாடியைப் பார்த்தார், டிபன் பையைப் பார்த்தார்,
பிறகு காய்ந்த கல்மூங்கில் ஒன்றைத் தட்டிக் காட்டினார்.
கணீரென்றது.
ஆட்டோவின் இருபுறமும் அது நீட்டிக்கொண்டிருக்க
டவுட்டன் சிக்னலில் ஒரு மாநகரப் பேருந்தே
ஒதுங்கி வழிவிட்டது.

முதல் வில் ஒடிந்தது.
தோல்பக்கம் முதுகு, அதைத் தொடக்கூடாது.
உள்பக்கம் வயிறு, சுரண்டுவதெல்லாம் அங்கேதான்.
தெரிந்தும், அழகாயிருக்கட்டுமே என்று
முதுகில் ஒரு கணுவை அரத்தால் மழித்தேன்.
இழுக்க இழுக்க ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு ஒரே சொல்.
குக்கர் வெடித்ததென்று கீழ்வீட்டார் ஓடிவந்தார்கள்.

இரண்டாவதுக்கு ஏழு ஞாயிறு.
ஜன்னல் கண்ணாடிச் சில்லால் சீவினேன்,
தேங்காய்ப்பூ போலச் சுருண்டு விழுந்தது.
ஆணியில் குறுக்காக மாட்டி
நடுவில் கயிறு கட்டி, கயிற்றில் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டு
தூர நின்று வளைவைப் பார்ப்பேன்.
மேல்பாதி வளைந்தது. கீழ்பாதி விறைத்துக்கொண்டு நின்றது.
சில்லோ மறுபடி மறுபடி மேல்பாதிக்கே போயிற்று.
வளைகிறவரையே மேலும் சுரண்டுகிற ஆபீஸ் புத்தி.
கையைப் பிடித்து நிறுத்தி
விறைத்த பக்கத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது.

காசிமேட்டில் வாங்கிய நூலை முறுக்கி
மெழுகுவர்த்தி தேய்த்து நாண்.
மீன்காரரின் தொங்குதராசில் இழுத்துப் பார்த்தால் பன்னிரண்டு கிலோ,
நல்ல வஞ்சிரம் ஒன்றின் கனம்.
அம்புக்கு இறகு, மாடிப் புறாக்கள் போட்டது.
பழந்துணி அடைத்த சாக்கு, பத்தடி தூரம்,
பின்னால் லிஃப்ட் அறையின் சுவர்.

நாண் என்றால் வெட்கமும்தான்.
விட்டதும் அது அம்பை விட்டுவிட்டு என்னை அறைந்தது,
இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து நாலு விரற்கடை மேலே.
நீலம், பிறகு பச்சை, பிறகு மஞ்சள்.
மூன்றாம் நாள் பதிவறை பவுலின்
முத்திரைத்தாள் கட்டுக்கடியில் ஒரு சீட்டைத் தள்ளினாள்.
அதில் ஒரு ஹெல்ப்லைன் நம்பர்.
"எப்ப வேணும்னாலும் என் வீட்டுக்கு வா," என்று
கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள்.
வீட்டில் நானும் ஒரு மூங்கிலும்தான் பவுலின்,
என்றேன். நம்பவில்லை.
இந்தப் பதிலையும் அவள் எங்கோ கேட்டிருக்கிறாள் போல.

அதனால் சனிக்கிழமை மாடிக்கே கூட்டிவந்தேன்.
முழங்கையை வெளிப்பக்கம் திருப்பு என்றேன்,
அதற்குள் நானே கற்றிருந்த ஒரே பாடம்.
என் துப்பட்டாவை அவள் கையில் சுற்றிக் கட்டினேன்.
அவள் இழுத்தாள். தாடை வரைக்கும், அதையும் தாண்டி,
கண்ணை மூடிக்கொண்டு.
கண்ணைத் திற என்று நான் சொல்வதற்குள்
அம்பு சாக்கை விட்டு, சுவரை விட்டு,
வெயிலில் மொறுமொறுத்துக் கிடந்த
மூன்றாம் மாடி சம்பத்லாலின் குழாயைப் பிளந்தது.

கட்டைவிரலால் ஒருத்தி மேலே அடைத்தோம்,
உள்ளங்கையால் ஒருத்தி கீழே.
இடுக்கில் தண்ணீர் பீய்ச்சி எங்கள் இருவரையும் நனைத்தது.
பவுலின் என் மஞ்சள் தழும்பைப் பார்த்தாள்,
துப்பட்டா சுற்றிய தன் கையைப் பார்த்தாள்,
"சரி, நம்புறேன்," என்றாள்.

எம்-சீல் வாங்க யார் கீழே போவது என்பதுதான்
இப்போது பிரச்சினை.