அரை கிலோபைட்

விடிகாலை நாலரைக்கு காசிமேட்டில்
டெல்பினா கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பிடிக்க
நான் எடுத்த படம்.
வஞ்சிரம், நாலேகால் கிலோ.
சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு.

பத்து மணிக்குப் புதுப்பேட்டையிலிருந்து போன்:
"நேத்து மீனை ஏம்மா இன்னைக்கு விலைக்குப் போட்டிருக்கீங்க?"

ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன்.
அந்தம்மா சொன்னது சரி.
செவுள் ஊறவைத்த புளிபோல் இருந்தது.
என் மேசையில் மூலப்படம்
இன்னும் ரத்தமாக.

ஞாயிற்றுக்கிழமைதான் என் திரையை அளந்தேன்.
ஜன்னலுக்குப் போர்வை, ட்யூப்லைட்டை அணைத்து,
கண்ணாடியில் பல்லிபோல் ஒட்டிக்கொண்ட கருவி
சிவப்பு, பச்சை, நீலம், ஏழெட்டுச் சாம்பல்
ஒவ்வொன்றாய்க் குடித்தது.
மூன்று வருடமாய் வெள்ளை என்று நான் நம்பியது
நீலமாம்.

மாலைதான் பிடிபட்டது.
படத்தை ஏற்றும் மென்பொருள்
எடை குறைக்க
செதிள் சீவி, குடல் எடுத்து,
கூடவே நான் உள்ளே வைத்தனுப்பிய சீட்டையும்
வழித்துப் போட்டிருக்கிறது.
இந்தச் சிவப்பு எந்தப் படியால் அளந்த சிவப்பு
என்று சொல்லும் சீட்டு.
அரை கிலோபைட்கூட முழுசாய் இருக்காது.

சீட்டு இல்லாவிட்டால்
பிரவுசர் தன் சின்னப் படியை எடுத்துக்கொள்கிறது.
மூன்று படி என்றிருந்தால் மூன்று படி.
பெரிய படியா என்று கேட்பதில்லை.

"சிவப்பைக் கொஞ்சம் தூக்கி விட்டுடேன்"
என்றார் முதலாளி தேவசகாயம்,
மீனுக்கு மேலே சிவப்பு பல்பு தொங்கவிடும் கடைக்காரனை
வாரம் தவறாமல் திட்டுகிறவர்.
நான் தூக்கவில்லை.
சின்னப் படிக்கே அளந்து மாற்றி ஏற்றினேன்.
விளிம்பில் கொஞ்சம் சிந்தியது. போகட்டும்.
பழைய கம்ப்யூட்டரிலும் செவுள் உயிர்த்தது.

மறுநாள் ஏலம் முடிந்ததும்
டெல்பினாவிடம் காட்டினேன், அவள் போனிலேயே.
கையைக் குடையாக்கி வெயிலை மறைத்துப் பார்த்தாள்.
"மீனு இருக்கட்டும்.
என் விரலு எப்ப இவ்ளோ வெளுத்துச்சு?"

நாள் முழுக்க அந்தப் படத்தோடு கிடந்தவள் நான்.
விரலைப் பார்க்கவே இல்லை.

திரைக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்:
நகக்கண்ணில் செதிள்,
குறுக்கே ஒரு பழைய வெட்டு,
உப்பும் வெயிலும் சேர்ந்து ஏற்றிய கறுப்பு.
ஐஸ் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.