முப்பத்தொன்று

விடிகாலை நான்குக்கு ஹுனினை விட்டோம்.
பூட்டியதும், அடுப்பை அணைத்தோமா என்று திறந்ததும்,
மறுபடி பூட்டியதும் சேர்த்தால் நாலே முக்கால்.

சாமான் ஏற்றுவதில் ரமீரோ ஒரு கொள்கைக்காரன்:
எல்லாவற்றுக்கும் அடியில் மாற்றுச் சக்கரம்,
அதன்மேல் கூடாரம், அதன்மேல் கரிமூட்டை,
மடக்கு நாற்காலிகள்,
பனிப்பெட்டிக்குள் மாட்டின் விலா ஒரு முழம்.
கடைசியில், உச்சியில்,
கிரீடம் வைத்த மாதிரி
பீச் பழப் பெட்டி.
நட்டு ஐந்து வருடம் இலையை மட்டும் காட்டிய மரம்
இந்த ஜனவரியில்தான் மனம் இறங்கியது.
முப்பத்தொன்று. ஃபவுஸ்தோ இரண்டு முறை எண்ணினான்.

பிறகு சோயா.
சோயா, ஒரு தானியக் கிடங்கு, சோயா,
சோயாவுக்கு நடுவே அசையாத ஒரு குதிரை,
சோயா.
தூரத்தை நான் கிலோமீட்டரில் அளப்பதில்லை.
மடியில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தேச் சுரைக்குடுக்கை;
ஊற்றி நீட்டுவேன், உறிஞ்சித் திருப்பித் தருவான்,
கண் சாலையை விட்டு அகலாது.
ட்ரென்கே லௌகேனில் முதல் குடுவை காலி.
பெட்ரோல் பங்கின் வெந்நீர் இயந்திரம்
காசை விழுங்கிவிட்டு
யோசித்து யோசித்துக் கொடுத்தது.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்பான் ஃபவுஸ்தோ.
"நீ கேட்காமல் இருந்தால் பக்கம்தான்" என்பான் அப்பன்.
ஐலேன் காதில் பாட்டை அடைத்துக்கொண்டு
கிளம்பியதிலிருந்து ஒரு சொல் உதிர்க்கவில்லை.
அவள் தோழிகள் எல்லாரும் மார் தெல் பிளாத்தாவில்.
தோர்ன்கிஸ்டுக்கு முன்னால்
தொடுவானம் நீலமாக முட்டிக்கொண்டு எழுந்தபோது
"மலை" என்றாள்.
மேஜைபோல் கிடக்கும் பூமியில் பன்னிரண்டு வருடம் வளர்ந்தவள்.
நாங்கள் வாயைத் திறக்கவில்லை.
திறந்தால் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிடுவாள்.

பாஹியா பிளாங்கா தாண்டி டயர் வெடித்தது.
மாற்றுச் சக்கரம் எங்கே இருந்தது என்று
மேலே சொல்லியிருக்கிறேன்.

காற்று. சாலையோரத்தில் எங்கள் வீடு விரிந்து கிடந்தது:
நாற்காலி, கரி, போர்வை, என் உள்ளாடைப் பை.
லாரிகள் ஹாரன் அடித்து நலம் விசாரித்துப் போயின.
ஒன்று நின்றது. பெயர் எவாரிஸ்தோ.
ஜாக்கியைப் பிடித்தபடியே பெட்டியைப் பார்த்தார்,
பனிப்பெட்டியைப் பார்த்தார்.
"எலும்போடு கறியா? பழம் வேறா?
கொலராடோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடமாட்டார்களே.
பழ ஈ என்பான், நோய் என்பான்,
சாவடியில் பிடுங்கி உன் கண்ணெதிரே குப்பையில் போடுவான்."

ரமீரோ சக்கரத்தின் கடைசித் திருகை
தேவைக்கு மேல் நாலு சுற்று முறுக்கினான்.
"கடல் நாளைக்கு" என்றான்.

சாவடிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால்
லாரிகள் ஒதுங்கும் சிறுசவுக்கு மறைவு.
கரி பற்றவே ஒரு மணி நேரம்.
ஒன்பதுக்கு வெந்த விலாவை மணலோடு தின்றோம்.
எவாரிஸ்தோ சொந்தக் கத்தியோடு வந்தார்,
இன்னும் இரண்டு ஓட்டுநர்கள் ரொட்டியோடு.
பிறகு பழம்.
முதலாவது இனித்தது, சாறு முழங்கைவரை வழிந்தது.
இரண்டாவதும்.
நாலாவதுக்குப் பிறகு அது பழமில்லை, கடமை.
அரசாங்கத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது என்ற வீம்பில்
ரமீரோ கடைசி மூன்றையும் நின்றுகொண்டே முடித்தான்.
கொட்டைகளைக் காகிதப் பையில் சேர்த்த ஃபவுஸ்தோ
"இதையும் பிடுங்குவார்களா?" என்று கேட்டான்.
யாருக்கும் தெரியவில்லை.

கூடாரத்தை விரித்தோம்;
காற்று அதைத் தன்னுடையது என்றது.
காருக்குள்ளேயே முடங்கினோம் நால்வரும்,
எந்தக் கால் யாருடையது என்ற கணக்கில்லாமல்.
எழுநூறு கிலோமீட்டர்.
தூரத்தில் சாவடியின் மஞ்சள் விளக்கு.

தூக்கம் வராமல் இருட்டில் பைக்குள் கைவிட்டு
விரலால் எண்ணினேன்.
முப்பது.
மறுபடி எண்ணினேன்.
கடந்துபோன ஒரு லாரியின் வெளிச்சம்
பின்னிருக்கையைத் துடைத்துக்கொண்டு போனது.
ஐலேன் விழித்திருந்தாள்.
அவளுடைய ஒரு கன்னம் மட்டும்
லேசாகப் புடைத்திருந்தது.