வெட்டினதா, தானா வந்ததா

தஞ்சாவூர், மருத்துவமனை மூன்றாம் தளம்.
காலையில் மூன்றாவது ஆள் பக்கிரிசாமி, ஐம்பத்தெட்டு வயது,
பொதுப்பணித்துறை லஸ்கர், பாமணி ஆற்று மதகு.
ஷட்டர் சக்கரத்தைச் சுற்றினால்
தலையும் சேர்ந்து சுற்றுகிறது என்று வந்தவர்.

வலது மணிக்கட்டில் நுழைந்த குழாய்
முதுகெலும்பை ஒட்டி ஏறும் தமனியைத் தேடியது.
அது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நூல்.
இடப்பக்கம் அதைவிட மெல்லியது,
பாதி வழியில் அதுவும் இல்லை.
டாக்டர் ஹமீதா முகமூடிக்குள் முணுமுணுத்தார்:
"பின்மூளைக்கு யார்தான் ரத்தம் குடுக்கறா?"

மூச்சைப் பிடிங்க. எச்சில் முழுங்காதீங்க.
கழுத்து சுடும், பயப்படாதீங்க.
பதினோரு வருடமாக நான் சொல்வது இவ்வளவுதான்.
இடது கழுத்துத் தமனியில் மருந்து பாய்ந்தது.
முன்மூளை கறுத்தது, வழக்கம்போல.
ஆனால் இரண்டாம் கழுத்தெலும்புக்கு நேரே
ஒரு கொடி பின்னால் திரும்பி
நாக்கை அசைக்கும் நரம்பின் துளை வழியே
மண்டைக்குள் புகுந்து
பின்மூளை முழுவதையும் வரைந்து காட்டியது.
யாரும் பேசவில்லை.
ஏசி மட்டும்.

இந்த ஊரில் படம் பார்க்கும் எவரும்
ஆறு, கிளையாறு என்று ஆரம்பித்துவிடுவார்கள்.
எனக்குச் சலித்துவிட்டது.
திரையைத் திருப்பிக் காட்டியதும் அவர் கேட்டார்:
"இது வெட்டினதா, தானா வந்ததா?"

தானாத்தான் ஐயா.
அம்மாவுக்கு நாள் தள்ளினதே
உறுதியாகாத ஐந்தாம் வாரத்தில்
எல்லோருக்கும் வரும்.
ஒரு வாரம் ஓடிவிட்டுத் தூர்ந்துபோகும்.
(தூர்ந்துபோகும் என்று
என் வாயிலேயே வந்துவிட்டது.)
உங்களுக்கு மட்டும் தூரவில்லை.

"அப்ப அடைச்சிடுவீங்களா?"

"அய்யய்யோ," என்றார் டாக்டர்,
"இருக்கிறதே அது ஒண்ணுதான்."

அவர் சிரிக்கவில்லை. படுத்தபடியே,
"ரிக்கார்டுல ஏத்திடுங்கம்மா.
கடைமடையில ஒரு வாய்க்கா ரிக்கார்டுல இல்ல.
மெஷின்காரன் மண்ணத் தள்ளி மூடிட்டுப் போயிட்டான்.
நாப்பது மா காஞ்சிது."

கணினியில் படிவம்:
இயல்பு. சுருக்கம். அடைப்பு.
அம்புக்குறியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன்.
'பிற' என்ற கட்டத்தில்
எழுபது எழுத்துக்கு மேல் ஏறவில்லை.
சிவப்புப் பேனாவால் ஒரு தாளில் எழுதி
சி.டி. உறைமேல் ஒட்டினேன்:
இடது கழுத்தில் கைவைக்குமுன்
படத்தைப் பார்க்கவும்.

சாயங்காலம், மணிக்கட்டில் கட்டோடு,
புது பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ எவ்வளவு என்று
வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.
உறையை வேட்டி மடிப்பில் செருகியிருந்தார்,
எழுத்து வெளியே தெரியும்படி.